கடலுக்கு முதுகு காட்டின வாத்தியார்

“சூரியனும் விழணும், முகமும் தெரியணும். அதுக்கு என்ன வழி?”

அருமைநாயகம் சார் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டது ஜெனோவாகிட்ட.

ஜெனோவா யாருன்னு சொல்லிருதேன். கன்னியாகுமரியில, சூரியன் அடையுறதைப் பாக்கக் கூடுற ஜனங்களைப் படம் எடுத்து, அங்கனயே பிரிண்டு போட்டுக் கொடுக்கிற பிள்ள. முப்பது வயசு இருக்கும். நீலக் கோட்டு, கழுத்துல அடையாள அட்டை, தோள்ல ஒரு பை. பிரிண்டர் அந்தப் பைக்குள்ளதான் இருக்கும்.

சாருக்கு அறுபத்தொண்ணு. மார்த்தாண்டத்துக்காரரு. முப்பத்துமூணு வருசம் பள்ளிக்கூடத்துல கணக்கு படிச்சுக் கொடுத்துட்டு ஓய்வு வாங்கினவரு. ஓய்வு வாங்கின கையோட ஒரு கேமரா வாங்கினாரு. அதைத் தொங்கவிட்டா கழுத்து கூனிப்போகும், அவ்வளவு பெருசு.

நான் கொச்சுமணி. கடலைவண்டிக்காரன். இவன் எதுக்கு நடுவுலன்னு நினைக்கப்படாது. என் வண்டி இல்லாம இந்தக் கதையே இல்ல.

ஜெனோவா சாரோட ரெண்டு தோளையும் பிடிச்சா. அப்படியே திருப்பி நிறுத்திட்டா.

கடல் அவருக்கு முதுகுப் பக்கம் போச்சு.

முப்பத்துமூணு வருசமா அவருதான் பிள்ளையளை அப்படித் திருப்பி நிறுத்தியிருப்பாரு. அவரை ஒருத்தரும் திருப்பினது கிடையாது. முகம் சிவந்துபோச்சு.

“இப்ப என்ன தெரியுது சார்?”

“ஒரு கடலைவண்டி.”

“பொறவு?”

“கடலைவண்டிக்காரன்.”

“அவரு முகத்துல என்ன தெரியுது?”

“என்ன தெரியும்? கடலை விக்கிறவன் முகம்.”

“நாளைக்கு வாங்க சார்.”

சாருக்கு வந்ததே கோபம்.

“ஏ பிள்ள, கன்னியாகுமரிக்கு வந்து கடலுக்கு முதுகு காட்டவா நான் ரெண்டு பஸ் மாறி வாறேன்?”

ஜெனோவா அதுக்குள்ள அடுத்த குடும்பத்தைப் படம் எடுக்கப் போயிட்டா.

சார் என்கிட்ட வந்து கடலை வாங்கினாரு. உரிக்காமலே வாயில போட்டு மென்னாரு. அவ்வளவு கோபம்.

ஆனா மறுநாளும் வந்தாரு.

தோள்ல போடுத துவர்த்துல சுத்தி ஒரு படம் கொண்டுவந்திருந்தாரு. கண்ணாடி போட்ட படம். வீட்டு முன்னறையில மாட்டியிருந்ததைக் கழட்டிக்கிட்டே வந்திருக்காரு மனுசன்.

“இது நான் எடுத்தது. முப்பத்துநாலு வருசம் முன்னால. இரவல் கேமராவுல.”

ஜெனோவா வாங்கிப் பாத்தா. நானும் எட்டிப் பாத்தேன். சும்மா சொல்லப்படாது, அப்படி ஒரு சூரியன். நல்லாப் பழுத்து, கடல் மேல உக்காந்திருந்தது.

“சூரியன் நல்லா வந்திருக்கு சார்.”

“வீட்டுக்கு வாற எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க.”

“இந்தக் கறுப்பா நிக்கது யாரு?”

“என் வீட்டுக்காரி. கனகபாய். கல்யாணமாகி மூணாம் நாள் கூட்டிட்டு வந்தேன்.”

“அவங்கதான்னு எப்படித் தெரியும்?”

“நல்ல கேள்வி! எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியும். படத்துக்குத் தெரியுமா?”

சார் கண்ணாடியைத் துவர்த்தால தொடச்சாரு. அதுல ஒரு தூசியும் இல்ல.

கொஞ்சம் கழிச்சு அவராவே சொன்னாரு.

“இந்தப் படம் கழுவி வந்தன்னைக்கு அவ கேட்டா, இதுல நான் எங்கன்னு. நான் விரலை வச்சுக் காட்டினேன். இந்தா, சூரியனுக்குக் கீழ நிக்கியேன்னு.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“சிரிச்சா. அதுக்குப் பொறவு கேமராவைக் கண்டா அடுக்களைக்குப் போயிருவா.”

கனகபாய் அம்மா நல்ல கறுப்பாம். கல்யாணத்தன்னைக்கு ஸ்டுடியோக்காரன் ஒரு டப்பா பவுடரை அந்த அம்மா முகத்துல கொட்டியிருக்கான். ஆல்பத்துல பாத்தா சாம்பல்ல விழுந்து எழும்பின மாதிரி இருக்குமாம். சூரியன் படத்துல கரி, ஆல்பத்துல சாம்பல். வீட்டுல அந்த அம்மா முகம் தெரியுத படம் ஒண்ணுகூட இல்ல.

மகன் குவைத்துல. போன்ல முகம் பாத்துப் பேசலாம் இல்லியா? அந்த அம்மா போனைக் கூரைப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டுத்தான் பேசுமாம்.

“மகன் ஃபேனைப் பாத்துப் பேசுதான் பிள்ள,” என்னாரு சார். “அம்மா எப்படி இருக்கான்னு என்கிட்டக் கேக்குதான்.”

சொல்லிட்டுப் படத்தைத் திரும்பத் துவர்த்துல சுத்தினாரு.

“இப்பத்தான் ஒரு வழியாச் சம்மதிச்சிருக்கா. தை இருபத்தேழு எங்க கல்யாண நாள். அன்னைக்கு வாறேன், ஒரே ஒரு தடவை எடுத்துக்கிடுங்க, அதுலயும் கறுத்துப்போனா இந்த ஜென்மத்துல என் முன்னால கேமராவைத் தூக்கப்படாதுன்னுட்டா.”

“அவங்க சொன்னா சொன்னதுதானா?”

“முப்பத்துநாலு வருசத்துல அவ சொல்லு மாறினது இல்ல.”

ஜெனோவா விரல்விட்டு எண்ணிப் பாத்தா.

“பன்னிரண்டு நாள் இருக்கு சார். கேமராவைப் பையில போடுங்க. சாயங்காலம் வந்து இந்த அண்ணன் முகத்தைப் பாருங்க. என்ன தெரியுதுன்னு நேரம் போட்டு எழுதுங்க.”

“எதுக்கு?”

“கணக்கு வாத்தியாருக்குக் கணக்குதானே கொடுக்க முடியும்?”

நான் விடுவேனா?

“ஏ ஜெனோவா, என் முகம் என்ன நோட்டீசு போர்டா?”

“அண்ணே, நீங்க பேசாம கடலையைக் கிண்டுங்க.”

அப்படி ஆரம்பிச்சுது என் கஷ்டகாலம்.

என் வண்டி கரைச்சுவருக்குப் பதினஞ்சு அடி உள்ள நிக்கும். நான் கடலைப் பாத்து நிப்பேன். சார் சுவர்ல சாஞ்சு, கடலுக்கு முதுகைக் காட்டி, என்னையே பாத்துக்கிட்டு நிப்பாரு. கையில நாற்பது பக்கம் நோட்டு. டூர் வந்த ஸ்கூல் பிள்ளையளும் வடக்கத்திக்காரங்களும் அத்தனை பேரும் சூரியனைப் பாக்காங்க. இந்த ஒரு மனுசன் மட்டும் என்னைப் பாக்காரு. பைத்தியம்னு நினைச்சு ஒரு பிள்ள அம்மா பின்னால ஒளிஞ்சுது.

முதல் நாள் நோட்டுல எழுதினதை வாசிச்சுக் காட்டினாரு.

“அஞ்சு ஐம்பது. கண்ணைச் சுருக்குதான். முகம் முழுக்க மஞ்சள். ஒண்ணும் தெரியல்ல.”

“வெயில் நேரா மூஞ்சியில அடிச்சா யாருக்கும் கண்ணு சுருங்கும் சார்,” என்னேன்.

“அதுதான் ஓய் எழுதியிருக்கேன்.”

இடையில அவரு சும்மா இருந்தாரா? அதுவும் இல்ல. நாலாம் நாள் எங்கேயோ போய் ஒரு பெரிய வெள்ளைத் தெர்மோகோல் அட்டை வாங்கிட்டு வந்தாரு. சூரியனுக்கு முன்னால ஆளை நிறுத்திட்டு, அட்டையை வச்சு வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பலாமாம். எதோ புத்தகத்துல படிச்சிருக்காரு.

கன்னியாகுமரிக் காத்து புத்தகம் படிச்சதா? ஒரே வீச்சு. அட்டை பறந்து பாறைக்கு அந்தப் பக்கம் போச்சு. சார் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பின்னால ஓடினாரு. ஜனங்க கை தட்டினாங்க.

மூச்சு வாங்க வந்து நின்னவருகிட்ட ஜெனோவா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா.

“சார், நீங்க சாமானைக் கூட்டிக்கிட்டே போறீங்க.”

“வேற என்ன செய்ய?”

அவ என்னைக் கைகாட்டிட்டுப் போயிட்டா.

ஆறாம் நாள் சார் நோட்டை மூடிக்கிட்டுக் கேட்டாரு.

“ஓய், உம்ம இடது புருவத்துல ஒரு தழும்பு உண்டுமே?”

“உண்டும் சார். சின்ன வயசுல பனையில இருந்து விழுந்தேன்.”

“சூரியன் இருக்கும்போது தெரியல்ல. ஆறரைக்குத் தெரிஞ்சுது.”

நான் இருபது வருசமா இந்த இடத்துல நிக்கேன். ஆயிரம் பேரு என் கையைத்தான் பாத்திருக்காங்க, பொட்டலம் நீட்டுத கையை.

எட்டாம் நாள். சூரியன் விழுந்தாச்சு. கூட்டம் ஓன்னு கத்திட்டு, கடைத்தெருவுக்குக் கலைஞ்சு போயாச்சு. சூரியன் போனதும் ஜனங்களுக்கு இங்க ஒரு நிமிசம் நிக்க முடியாது, என்னமோ தீ பிடிச்ச மாதிரி ஓடுவாங்க. சார் மட்டும் நின்னாரு. மேற்கு வானம் முழுக்க ஒரு செம்மை, அது மெதுவா என் மேல விழுந்துகிட்டு இருந்தது. கண்ணுல குத்தல்ல. நான் நல்லா முழிச்சுப் பாத்துக்கிட்டு நின்னேன்.

“கொச்சுமணி.”

“என்ன சார்?”

“உம்ம கண்ணு கறுப்பு இல்ல ஓய். தேன் நிறம்.”

எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போய் என் பெண்டாட்டிகிட்டக் கேட்டேன். அவளும் விளக்குப் பக்கத்துல இழுத்துவச்சுப் பாத்துட்டு, ஆமா என்னா. எனக்குச் சந்தோசம்தான். அழுகையும் வந்தது.

சார் அன்னைக்கு நோட்டுல எழுதினது எனக்கு ஞாபகம் இருக்கு. ஆறு நாற்பது. முகம் முழுக்க உண்டு.

அன்னையில இருந்து அவரு ஜெனோவாவைப் பிள்ளன்னு கூப்பிடல்ல. டீச்சர்னு கூப்பிட்டாரு.

“டீச்சர், கணக்கு முடிஞ்சுது,” என்னாரு.

“அன்னைக்குப் பாப்போம் சார்,” என்னா ஜெனோவா.

தை இருபத்தேழு வந்துது.

கனகபாய் அம்மா கடுகு நிறத்துல ஒரு சேலை கட்டி வந்திருந்தாங்க. கையில குடை. அந்த அம்மா கருப்பட்டி நிறம். சுவர்ப் பக்கம் வந்து, எங்க நிக்கணும்னு மட்டும் கேட்டாங்க. அவங்க விரல் குடைக் காம்பைப் பிடிச்சிருந்த பிடியைப் பாத்தேன். பயந்துபோய்த்தான் நின்னாங்க.

சாருக்கு எல்லாம் தெரியும். பன்னிரண்டு நாள் நோட்டுல எழுதினவரு.

ஆனா அன்னைக்குச் சூரியன் இருந்துதே! ஒரு பொட்டு மேகம் இல்ல. அந்தக் கண்ணாடிப் படத்துல இருந்த அதே சூரியன். சார் அதைப் பாத்தாரு. அவ்வளவுதான், நோட்டும் போச்சு, டீச்சரும் போச்சு. நாய் வாலை நிமித்த முடியுமா?

“கனகம், இந்தா இங்கன நில்லு. அதே இடம்.”

சூரியனுக்கு முன்னால நிறுத்தினாரு. எடுத்துப் பாத்தாரு. கறுப்பு.

ஃபிளாஷ் போட்டு எடுத்தாரு. அந்த அம்மா கண்ணை மூடிட்டாங்க. முகம் வெள்ளையடிச்ச சுவரு மாதிரி வந்துது.

சூரியனைப் பாக்கத் திருப்பினாரு. கண்ணு சுருங்கிக் கண்ணீர் வந்துட்டு.

நான் ஜெனோவாவைப் பாத்தேன். அவ கையைக் கட்டிக்கிட்டு நின்னா.

“ஏ, போய்ச் சொல்லேன்!”

“நான் சொல்லி அவரு எடுத்தா, அது என் படம் அண்ணே.”

சூரியன் பாதி இறங்கியாச்சு. சார் பைக்குள்ள கையை விட்டாரு. எடுத்தது என்னன்னு எட்டிப் பாத்தேன்.

பவுடர் டப்பா.

“கனகம், கொஞ்சம் போட்டுக்கோ. முகம் எடுப்பாத் தெரியும்.”

அந்த அம்மா டப்பாவைப் பாத்தாங்க. அவரைப் பாத்தாங்க. சத்தம் போடல்ல.

“கேட்டியளா,” என்னாங்க. “கல்யாணத்தன்னைக்குப் பூசினதே இன்னும் போகல்ல.”

சொல்லிட்டுக் குடையை எடுத்துக்கிட்டு நேரா என் வண்டிக்கு நடந்து வந்துட்டாங்க.

“ஒரு பொட்டலம் கொடுங்க.”

அங்க சூரியன் விழுந்துது. கூட்டம் ஓன்னு கத்துச்சு. கை தட்டுச்சு. பொறவு கலைஞ்சு போச்சு.

சார் கடலைப் பாத்து நின்னாரு. கழுத்துல கேமரா, கையில பவுடர் டப்பா. கடல்ல ஒண்ணும் இல்ல. கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்னு வாய்வரைக்கும் வந்துது எனக்கு. அவரு தோள் குலுங்கினதைப் பாத்து முழுங்கிட்டேன்.

ஜெனோவா அவரு பக்கத்துல போனா. கையை நீட்டினா. அவரு டப்பாவைக் கொடுத்தாரு. அவ கோட்டுப் பையில போட்டுக்கிட்டா.

“எல்லாம் போச்சு டீச்சர். சூரியனும் போச்சு.”

“சார், மணி என்ன?”

“மணியா இப்ப முக்கியம்?”

“என்னன்னு சொல்லுங்க.”

அவரு கடிகாரத்தைப் பாத்தாரு. ஆறு நாற்பது.

பாத்தவரு அப்படியே நின்னாரு.

பொறவு மெதுவாத் திரும்பினாரு. இந்தத் தடவை அவரு தோளை யாரும் பிடிக்கல்ல.

கனகபாய் அம்மா என்கிட்டச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. பொட்டலத்துல பாதி கருகல்னு. உண்மைதான், சாரைப் பாத்துக்கிட்டு நான் கிண்ட மறந்துட்டேன். வெளிச்சத்துக்காக மேற்கே திரும்பி நின்னு, ஒவ்வொரு கடலையாப் பொறுக்கி எனக்குக் காட்டினாங்க. வானத்துச் செம்மை முழுசும் அந்த அம்மா மேல விழுந்துகிட்டு இருந்தது. இடது கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம். கன்னத்துல அழுத தடம். நெற்றியில ரெண்டு கோடு, அது என் மேல வந்த கோபம். கருப்பட்டி நிறம்னு சொன்னேன் இல்லியா? அது கருப்பட்டி நிறமாவே இருந்தது.

சார் பதினஞ்சு அடி தூரத்துல நின்னு பாத்தாரு. கேமராவைத் தூக்கல்ல. பாத்துக்கிட்டே நின்னாரு. எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. பன்னிரண்டு நாள் என் மேல விழுந்த பார்வை. ஆனா என் மேல விழும்போது அது இப்படி நனைஞ்சிருக்கல்ல.

“கனகம்.”

அந்த அம்மா நிமிந்தாங்க. சிரிக்கல்ல. கையில ஒரு கருகல் கடலை.

ஒரே ஒரு தடவைதான் கேமரா சத்தம் கேட்டுது.

அந்த அம்மாவுக்கு அதுவும் பிடிக்கல்ல. முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ஜெனோவா கேமராவை வாங்கி, பையைத் திறந்து, பிரிண்டு போட்டா. வந்த படத்தைச் சார் கையில கொடுக்கல்ல. நேரா அந்த அம்மா கையில கொடுத்தா.

அவங்க வாங்க மாட்டாங்கன்னுதான் நினைச்சேன். வாங்கிட்டாங்க.

பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. பெருவிரலால அந்த மச்சத்தைத் தொட்டுப் பாத்தாங்க, படத்துல இல்ல, தன் கன்னத்துல.

பின்னால என் வண்டி, அடுப்புப் புகை, ஒரு சங்குக்கடை, வெளுத்த ஒரு துண்டு வானம். கடல் இல்ல.

“கேட்டியளா.”

“என்ன கனகம்?”

“இதுல சூரியன் எங்க?”

சார் சுத்திமுத்திப் பாத்தாரு, எதையோ மறந்து வச்ச மாதிரி.

“தெரியல்ல கனகம். நான் பாக்கல்ல.”